யாழ்ப்பாணத்திலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு: முதல் தடவை நடக்கப் போகிறவர்களுக்கான முழு வழிகாட்டி

நுவரெலியாவுக்குக் கிட்ட இருக்கும் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவில் 'உலக முடிவு' (World's End) என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நான் முதல் தடவை போய் நின்றபோது நேரம் காலை பத்தேகால். முன்னால் வெறும் வெள்ளை. வேட்டி ஒன்றை விரித்து முகத்துக்கு நேரே பிடித்ததுபோல மூடுபனி. நானூறு கிலோமீற்றர் வான் வண்டியில் குலுங்கி வந்து, நாலரைக் கிலோமீற்றர் நடந்து, அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கூட வந்த சின்னவன் ஒருவன், "அண்ணை, இதைப் பாக்கவே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அதன் பிறகு சொந்தக்காரர், நண்பர்கள், ரியூசன் பெடியள் என்று பல கூட்டங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். ஆட்கள் மாறினாலும் பிழைகள் மாறுவதில்லை. அநேகமான பிழைகளுக்கு வேர் ஒன்றுதான்: எல்லாரும் யாழ்ப்பாணத்தில் எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்பதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். மூடுபனி எத்தனை மணிக்கு ஏறும் என்பதிலிருந்து போட வேண்டும்.

1. மாதத்தைத் தெரிவு செய்தல்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முடிவுவரை நல்ல காலம். தைப்பொங்கல் முடிந்த கையோடு போவது எனக்குப் பிடித்த கணக்கு. மழை குறைந்திருக்கும், காலையில் வானம் திறந்திருக்கும். குளிர் கடுமையாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாதங்களில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையைத் தவிருங்கள். நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும் நேரம் அது. அறை வாடகை ஏறும், வீதி அடைக்கும், ரிக்கற் வரிசையில் நிற்கும்போதே மூடுபனி வந்து சேரும். நீண்ட வார இறுதிகளும் அப்படித்தான். முடிந்தால் செவ்வாய், புதன் போல வார நடுவில் ஒரு நாளைப் பாருங்கள்.

பெருமழை பெய்து மலைநாட்டில் மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அறைக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

2. நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுதல்

பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலே ஏறிவிடும். வெயில் பட்டுச் சூடாகும் ஈரக்காற்று மலைச்சரிவோடு மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகிவிடுவதுதான் காரணம். ஆகவே எட்டரை மணிக்கு உலக முடிவில் நிற்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

எட்டரைக்கு அங்கே நிற்க ஆறே முக்காலுக்கு நடக்கத் தொடங்க வேண்டும். அதற்கு, காலை ஆறு மணிக்குப் பூங்கா வாசல் திறக்கும்போதே உங்கள் வான் வரிசையில் முன்னுக்கு நிற்க வேண்டும். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக ஏறத்தாழ 32 கிலோமீற்றர். பாதை ஒடுக்கம், இருட்டு, வளைவு. எனவே அறையை விட்டு நாலரைக்கு வெளிக்கிட வேண்டும், எழும்புவது நாலுக்கு முன்னர். அப்படியானால் முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும், அதற்கு மாலை ஆறு மணிக்குள் நுவரெலியாவில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் விடிய ஐந்து மணி என்ற நேரம் இந்தக் கணக்கின் கடைசி வரியில்தான் வருகிறது.

இதைச் சுருக்கப் பார்க்கிறவர்கள் வழக்கமாகச் செய்வது இரவுப் பயணம். எட்டு மணிக்கு வெளிக்கிட்டு, இரவு முழுக்க ஓடி, நேரே வாசலுக்குப் போவது. ஒரு இரவு அறைக்காசு மிச்சம் என்பார்கள். றம்பொடைப் பக்கத்து வளைவுகளை அதிகாலை மூன்று மணிக்கு, நித்திரையில்லாத சாரதி ஒருவர் ஓட்டுவார் என்பதை யோசிப்பதில்லை. நான் ஒரு தடவை அப்படிப் போனேன். சாரதி கம்பளை தாண்டிய பிறகு சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டே ஓட்டினார். நித்திரை வராமலிருக்கத்தான் என்று பிறகு தெரிந்தது.

3. மூன்று வாரத்துக்கு முன்னரே கால்களைப் பழக்குதல்

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். தூரத்தைக் கேட்டவுடன் நம்மவர்கள் சிரிப்பார்கள். செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய்வந்த ஊர்க்காரருக்கு ஒன்பது கிலோமீற்றர் என்ன கணக்கு?

தூரம் பிரச்சினையே இல்லை, ஏற்ற இறக்கம்தான் பிரச்சினை. கீரிமலை என்ற பெயரில் மட்டும்தான் எங்களுக்கு மலை இருக்கிறது. தட்டையான நிலத்தில் எவ்வளவு நடந்தாலும் இறங்கும்போது வேலை செய்கிற தொடைத் தசை பழகாது. முதல் தடவை வருகிறவர்கள் ஏறும்போது மூச்சு வாங்குவார்கள், அது ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் நடுங்கத் தொடங்கினால் அன்று முழுக்க நடுங்கும்.

யாழ்ப்பாணத்தில் பழக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மணற்காட்டு மணல் மேடுகள். சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஏறி இறங்குங்கள். மணலில் கால் புதைவதால் அரை மணித்தியாலமே போதும். மற்றது, மூன்று மாடிக் கட்டடம் ஏதாவதொன்றின் படிகள். பத்துத் தடவை ஏறி இறங்குங்கள், இறங்கும்போது மெதுவாக, முதுகில் தண்ணீர்ப் போத்தல் இரண்டு வைத்த பையோடு. வாரத்தில் மூன்று நாள் செய்தால் காணும்.

சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றருக்கு மேல். அந்த உயரத்தில் ஆரோக்கியமான ஆளுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குவதோடு சரி. ஆஸ்துமா, இதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வரட்டும். இன்ஹேலரை வானில் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கியவரை நான் பார்த்திருக்கிறேன். அது சட்டைப் பையில் இருக்க வேண்டிய சாமான்.

4. உடுப்பும் சப்பாத்தும்

ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக்கணக்கு. யாழ்ப்பாணத்தில் காலை 24 பாகை என்றால், அங்கே பத்துப் பாகைக்குப் பக்கத்தில் இருக்கும். காற்று அடித்தால் இன்னும் குளிராகத் தெரியும்.

தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய உடுப்புகளை அடுக்காகப் போடுவது நல்லது. உள்ளே ஒரு ரீ-சேட், மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய மழைக்கோட்டு. நடக்கத் தொடங்கி இருபது நிமிடத்தில் உடம்பு சூடாகும், ஒன்றைக் கழற்றலாம். நின்றதும் திரும்பப் போடலாம். ஒரே தடித்த கோட்டுக்குள் வியர்த்து நனைந்தவர்தான் விளிம்பில் நின்று காற்று வாங்கும்போது அதிகம் நடுங்குவார். இதற்கென்று யாழ்ப்பாணத்தில் கடை கடையாக அலைய வேண்டாம், நுவரெலியா நகரில் குளிர் உடுப்புகள் மலிவாகக் கிடைக்கும்.

ஜீன்ஸ் வேண்டாம். காலைப் புல்லில் பனி நிற்கும். முழங்கால்வரை நனைந்த ஜீன்ஸ் மத்தியானம்வரை காயாது, கனமும் ஏறும். விளையாட்டுக்குப் போடும் மெல்லிய நீளக் காற்சட்டை போதும்.

சப்பாத்துக்கு அடியில் பல்லு இருக்க வேண்டும். பாதையில் சில இடங்களில் வெள்ளைக் கற்பொடி பரந்து கிடக்கும். தேய்ந்த அடியோடு அதில் இறங்குவது சீமெந்துத் தரையில் சிந்திய பயறுமேல் நடப்பதுபோல. புதுச் சப்பாத்தை அன்றைக்கே முதலில் போடுவது இன்னொரு பிழை. மணற்காட்டுப் பயிற்சியிலேயே அதைப் பழக்கிவிடுங்கள். மேலதிகமாக ஒரு சோடி காலுறை பையில் இருக்கட்டும். நகங்களை முதல்நாளே வெட்டிவிடுங்கள்: இறக்கத்தில் பெருவிரல் சப்பாத்தின் முன்பக்கத்தில் இடித்துக்கொண்டே வரும்.

தொப்பி கட்டாயம். குளிராக இருப்பதால் வெயில் சுடாது என்று நினைப்பார்கள். மூக்கும் கழுத்தும் உரிவது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

5. சாப்பாடு: பொலித்தீன் இல்லாமல்

பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோகத் தடை. நடைபாதையின் தொடக்கத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூடக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பிஸ்கட், சிப்ஸ் எல்லாவற்றையும் உறையை உடைத்துக் கடதாசியில் கொட்டுவார்கள். பத்துப் பேர் கொண்ட கூட்டம் என்றால் அதிலேயே இருபது நிமிடம் போய்விடும்.

இதற்கு எங்கள் ஊரிலேயே மருந்து இருக்கிறது. பனங்கட்டியை அதன் ஓலைக் குட்டானோடு கொண்டுவாருங்கள். ஒரு தடவை சோதிப்பவர் என் பையிலிருந்து குட்டானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓலைப் பின்னலை விரலால் தட்டினார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், சிரித்துக்கொண்டு பைக்குள் திரும்ப வைத்தார். பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் இன்னும் சிப்ஸ் பைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது.

ரொட்டியும் கட்டைச் சம்பலும் வாட்டிய வாழையிலையில் கட்டி, மேலே கடதாசி சுற்றலாம். எள்ளுருண்டையும் பயற்றம் பணியாரமும் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில். ஏற்றத்தில் வாய்க்குள் போட ஒரு துண்டு பனங்கட்டி, இடையில் ஒரு வாய் தண்ணீர், அதுபோல ஒன்றில்லை. சோறு கட்டிக்கொண்டு வராதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் நடை சோர்ந்துவிடும், சோற்றை மத்தியானம் திரும்பி வந்து சாப்பிடலாம்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர். குளிரில் தாகம் தெரியாது, அதனால் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நினைத்துக் குடிக்க வேண்டும்.

6. ஏறும் நாள்

ஏ9 வீதியில் கண்டிவரை வந்து, அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏ5. கண்டிவரை யாருக்கும் ஒன்றும் ஆகாது. கடைசி எழுபத்தேழு கிலோமீற்றரில்தான் வானுக்குள் சத்தம் அடங்கும். நேர்வீதியில் ஓடிப் பழகிய வயிறு, வளைவுகளில் பிரட்டத் தொடங்கும். வாந்தி வருகிறவர்கள் குளிசையைக் கண்டியிலேயே, வளைவு தொடங்குவதற்கு முன்னர் போட வேண்டும். பிரட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிதாகப் பயனில்லை. முன் இருக்கையில் இருந்து தூரத்து வீதியைப் பார்ப்பதும், ஃபோனைப் பைக்குள் வைப்பதும் உதவும். மத்தியானச் சாப்பாட்டை இலகுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

றம்பொடை அனுமார் கோயில், சீதையம்மன் கோயில், ஹக்கல பூங்கா எல்லாம் இந்தப் பக்கத்தில்தான். வயதானவர்கள் வானில் இருந்தால் எல்லா இடத்திலும் இறங்கக் கேட்பார்கள். நடை முடிந்த பிறகு எல்லாக் கோயிலுக்கும் போகலாம் என்று வெளிக்கிட முன்னரே பேசி முடித்துவிடுங்கள். கோயில் வாசலில் வைத்து அம்மம்மாவுடன் நேரக் கணக்குப் பேசி வென்றவர் யாரும் இல்லை.

7. வாசலும் ரிக்கற்றும்

அடையாள அட்டை எல்லோர் கையிலும் இருக்கட்டும். உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கூடிய வேறு கட்டணம். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ லீவில் வந்த மச்சான் நன்றாகத் தமிழ் பேசுகிறார் என்பதற்காகக் கட்டணம் குறையாது, கடவுச்சீட்டுத்தான் கணக்கு. இதை யாழ்ப்பாணத்திலேயே சொல்லிவைத்தால், ரிக்கற் யன்னலுக்கு முன்னால் நின்று காசு பொறுக்கும் வெட்கம் இல்லை. வாகனத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு. சில்லறையாக மாற்றிய காசைக் கையோடு வைத்திருங்கள்.

நுவரெலியா நகரில் தமிழிலேயே எல்லா அலுவலும் பார்க்கலாம். வாசலில் சிங்களம் தெரிந்த ஒருவரை வரிசைக்கு அனுப்பினால் வேலை சுருக்கமாக முடியும்.

நடை தொடங்கும் இடம் ஃபார் இன் என்ற பழைய கட்டடம், இப்போது தகவல் நிலையம். மலசலகூடத்துக்கு இங்கேயே போய்விடுங்கள். பாதையில் வேறு இல்லை.

வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் நிற்கும். ஆள் பயம் இல்லாமல் பைக்குக் கிட்டவே மூக்கை நீட்டும். ஒன்றும் கொடுக்காதீர்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய மரை உறையையும் சேர்த்து விழுங்கும். கொம்புள்ள ஆணுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கும் வேலையும் வேண்டாம்.

8. எந்தப் பக்கத்தால் சுற்றுவது

பாதை ஒரு வளையம். கொஞ்ச தூரத்தில் இரண்டாகப் பிரியும்: ஒன்று சிறிய உலக முடிவுக்கும் பிறகு பெரிய உலக முடிவுக்கும், மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கும். பலகையைப் பார்த்து உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். காரணம் எளிது. மூடுபனி வந்தாலும் நீர்வீழ்ச்சி இருக்கும், கிட்டப் போய்ப் பார்க்கலாம். உலக முடிவு மறைந்தால் மறைந்ததுதான். கூட்டம் நீர்வீழ்ச்சிப் பக்கம் போகிறதே என்று பின்னால் போய்ப் பார்வையை இழந்தவர்கள் நிறையப் பேர்.

மெதுவாக நடப்பவரை முன்னுக்கு விடுங்கள். வேகமானவர் முன்னால் போனால் வரிசை இழுபட்டு இரண்டாகிவிடும், பின்னுக்கு வருகிறவர் ஓடி ஓடிக் களைப்பார். கடைசியில் பாதை தெரிந்த ஒருவர் விசிலோடு வரட்டும். ஃபோன் சிக்னலை நம்ப வேண்டாம்.

தொடக்கத்தில் திறந்த புல்வெளி. பிறகு திடீரென்று காட்டுக்குள் நுழைவீர்கள். மரங்கள் உயரமில்லை, காற்றில் முறுகிக் குறுகி நிற்கும். கிளைகளில் நரைத்த தாடிபோலப் பாசிப்படலம் தொங்கும். இங்கே வெளிச்சம் குறைவு, வேர்கள் பாதையின் குறுக்கே கிடக்கும், காலைப் பனியில் வழுக்கும். வேரின்மேல் கால் வைக்காதீர்கள், தாண்டி வையுங்கள். எல்லோரும் அண்ணாந்து படம் எடுப்பதும் இங்கேதான், கால் பிசகுவதும் இங்கேதான். பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள், நடந்தால் நிலத்தைப் பாருங்கள்.

மழைநீர் அரித்த பள்ளங்களில் சேறு இருந்தாலும் பாதையிலேயே போங்கள். சேற்றுக்குப் பயந்து புல்லில் இறங்கினால் பாதை அகலமாகி, அடுத்த மழைக்கு அந்தப் புல்லும் அரிபட்டுப்போகும். மூடுபனியில் குறுக்குவழி தேடியவருக்குத் திசையும் தப்பும்.

9. விளிம்பில்

சிறிய உலக முடிவில் பள்ளம் ஏறத்தாழ 270 மீற்றர். பெரியதில் ஏறத்தாழ 870 மீற்றர். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்த்த உயரம் எதையும் இதற்கு ஒப்பிட முடியாது. பத்து நல்லூர்க் கோபுரங்களை அடுக்கினாலும் பாதிகூட வராது. தெளிந்த காலையில் கீழே தேயிலைத் தோட்டமும் லயன் வரிசைகளும் தீப்பெட்டி அளவில் தெரியும், அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம் தகடுபோல மின்னும்.

விளிம்புப் பாறை ஈரமாக இருக்கும். படுத்திருந்தோ குந்தியிருந்தோ எட்டிப் பாருங்கள். படம் எடுப்பவர்தான் ஆபத்தில் இருப்பவர், எடுக்கப்படுபவர் அல்ல. 2015 பெப்ரவரியில் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர், மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். கீழே மரமொன்றில் சிக்கியதால் உயிர் தப்பினார், இராணுவத்தினர் இறங்கி மீட்டார்கள். எங்கள் கூட்டத்தில் நான் வைத்திருக்கும் சட்டம்: படம் எடுப்பவரின் பின்பக்கச் சட்டையை இன்னொருவர் பிடித்திருக்க வேண்டும். பெடியள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எட்டரைக்குப் போயும் வெள்ளையாகவே இருந்தால் இருபது நிமிடம் காத்திருங்கள். காற்று ஒரு தடவை வீசினால் திரை விலகி இரண்டு நிமிடம் எல்லாம் தெரியும், திரும்ப மூடும். அந்த நேரத்தில் சாப்பிடுங்கள், ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் காத்திருந்தால் உடம்பு குளிர்ந்து கால் விறைக்கும்.

10. நீர்வீழ்ச்சியும் திரும்பும் வழியும்

பேக்கர் நீர்வீழ்ச்சி 20 மீற்றர் உயரம். அதற்கு இறங்கும் வழி செங்குத்து, வழுக்கல். முழங்கால் நோகிறவர்கள் மேலேயே இருந்துகொள்ளட்டும், சத்தம் கேட்கும். இறங்கினாலும் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். குளிப்பதற்குத் தடை, தடை இல்லாவிட்டாலும் பாறையின் பாசியும் தண்ணீரின் குளிரும் நீச்சல் தெரிந்தவரையே மடக்கும். கடலில் நீந்திப் பழகிய எங்கள் பெடியளுக்கு இதைத்தான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

இங்கிருந்து திரும்பும் வழி பெலிஹுல் ஓயா பக்கமாகப் புல்வெளியில் போகும். வெயில் ஏறியிருக்கும், களைப்பும் இருக்கும். பேச்சு நின்று, கால் இழுபட நடப்பவரைக் கவனியுங்கள். அநேகமாகத் தண்ணீர் குடிக்காதவர்தான். ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்து, ஐந்து நிமிடம் இருத்தி, பிறகு முன்னால் நடக்க விடுங்கள்.

ஆறே முக்காலுக்குத் தொடங்கினால் சாதாரண கூட்டம் பதினொரு மணிக்கு முன்னர் ஃபார் இன்னுக்கு வந்துவிடும். வானில் ஏறியதும் காலுறையை மாற்றுங்கள், சப்பாத்துச் சேற்றைத் தட்டி வெளியே கொட்டுங்கள். அன்றைக்கே யாழ்ப்பாணம் திரும்ப வேண்டாம். ஒரு இரவு தங்குங்கள், சாரதிக்கும் அது வேண்டும். பின்னேரம் அம்மம்மாவைச் சீதையம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே படி இறங்கும்போது உங்கள் தொடை ஒவ்வொரு படியிலும் மணற்காட்டை நினைப்பூட்டும்.